ஆனேக்கல் – அனினி: மூன்று மணி பதினைந்து நிமிடம்

“மூணு மணி பதினஞ்சு நிமிஷம். அவ்ளோதான். பையன் வந்துருவான், யாரும் கவலப்படாதீங்க.”

அப்பாதுரை சித்தப்பா ஷாமியானாவுக்குக் கீழே நின்று எல்லோருக்கும் கேட்கும்படி இதைச் சொன்னபோது காலை மணி ஒன்பது. அப்பா இறந்து நாலரை மணி நேரம் ஆகியிருந்தது. நான் ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். பேசவில்லை. வாய்க்குள் நாக்கு கிடந்தது, அவ்வளவுதான்.

சித்தப்பா விரல் விட்டு எண்ணினார். ஆறரைக்கு என் தம்பிக்குத் தகவல் சொல்லியாயிற்று. பிளேன் ஏற இரண்டு மணி நேரம் தள்ளிப் போட்டாலும், பறக்க மூன்றேகால், ஏர்போர்ட்டிலிருந்து ஆனேக்கல் வந்து சேர இந்த டிராஃபிக்கில் மூன்று. மூன்று மணிக்குள் வாசலில் நிற்பான். அஞ்சு மணிக்கு எடுத்துவிடலாம், வெளிச்சம் இருக்கும்போதே மண் போட்டுவிடலாம். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணப்பா ஃபோனை எடுத்துத் தேடிப் பார்த்து, தன் கன்னடம் கலந்த தமிழில், “கரெக்ட்டு. இதோ போட்டிருக்கான் நோடி. ஆனேக்கல் டு அனினி, மூணு கண்டே பதினஞ்சு நிமிஷ,” என்று திரையை நாலு பேருக்குக் காட்டினார். நாலு பேரும் தலையாட்டினார்கள். அந்தப் பக்கத்தைச் சரிபார்த்து வெளியே விட்டவள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

என் வேலை அது. பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. பயணத் தகவல் தரும் இணையதளம் என்று வெளியே பலகை. உலகத்தில் இருக்கிற எல்லா ஊரையும் எல்லா ஊரோடும் சேர்த்துக் கணினி ஜோடி போடும். ஜோடிப் பொருத்தம் எல்லாம் பார்க்காது. எங்கோ பனியில் கிடக்கிற ஓர் ஊர், எங்கோ மணலில் கிடக்கிற இன்னோர் ஊர். இரண்டுக்கும் நடுவே கோடு ஒன்று இழுத்து, இத்தனை கிலோமீட்டர், விமானத்தில் இத்தனை மணி நேரம் என்று ஒரு பக்கம் தயாராகிவிடும். ஊர்ப் பெயர் விட்டுப் போயிருக்கிறதா, எண் பூஜ்யமாக வந்திருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டியது நானும் இன்னும் எட்டுப் பேரும். ஒரு நாளைக்கு நானூறு பக்கம். சேர்ந்த புதிதில் மேலாளர் சிரிலிடம் கேட்டேன், “சார், ரெண்டு ஊர்லயும் ஏர்போர்ட்டே இல்லையே, ஃப்ளைட் டைம் போடறோமே?” அவர் டீயை உறிஞ்சிக்கொண்டு, “ஃப்ளைட் டைம்தானே தமயந்தி சொல்றோம்? ஃப்ளைட் இருக்குன்னு எங்க சொன்னோம்?” என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. கல்யாணமாகி நாலே மாதத்தில் திரும்பி வந்து, அம்மா அப்பாவோடு பதினோரு வருஷமாக இருக்கிறவளுக்கு, வேலைக்குப் போன இடத்தில் நியாயம் பேச எங்கே தெம்பு?

ஆனேக்கல்லுக்கும் அனினிக்கும் ஒரு பக்கம் இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்ததும் நானேதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் தம்பி பிரகாஷுக்கு அருணாசலப் பிரதேசத்தில், அனினியில் மலைச்சாலை போடுகிற இடத்தில் வேலை கிடைத்தது. ஜிகணி கல் குவாரியில் மண் வெட்டும் எந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தவன். வேலை சுத்தம், எந்திரத்தால் முட்டையை எடுத்து வை என்றாலும் வைப்பான். அப்பா கூடவே கூடாது என்றார். “சீனாக்காரன் வாசல்ல போய் மண்ணு வெட்டணுமாடா? நான் படுத்தா யார்ரா வருவா?” இதே கேள்வி காலையிலும் சாயங்காலமும். இவன் எகிறுவான், அவர் தட்டைத் தள்ளுவார், அம்மா அழுவாள், நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லுவேன். நானூறு பக்கம் பார்த்துவிட்டு சந்தாபுரத்தில் பஸ் மாறி நின்றுகொண்டே வருகிறவளுக்கு இது என்ன பிழைப்பு? இருபது நாள் தாங்கினேன். இருபத்தோராம் நாள் ஃபோனைக் கொண்டுபோய் அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“இங்க பாருப்பா. எங்க ஆபீஸ்ல போட்டது. மூணு மணி பதினஞ்சு நிமிஷம். நீ மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு போயிட்டுத் திரும்பி வர நேரம். அவ்ளோதான் தூரம்.”

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். எண்ணை மட்டும் இரண்டு தடவை படித்தார். பிறகு சிரித்தார். பிரகாஷ் சுவரில் சாய்ந்து என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அனினியிலிருந்து மலை இறங்க ஒரு முழுப் பகல், அங்கிருந்து ஆறு தாண்டி விமானம் ஏறும் ஊருக்குப் பாதி நாள், அப்புறம் ஒரு விமானம், காத்திருப்பு, இன்னொரு விமானம். மழை பெய்யாமல், மலை சரியாமல், எல்லாம் கூடி வந்தாலே இரண்டு நாள். நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. அப்பா அடுத்த நாளே டீக்கடையில் ஆரம்பித்துவிட்டார், “நம்ம பையன் பார்டர்ல இருக்கான். கூப்பிட்டா மூணு மணி நேரத்துல வந்துருவான்.” கடைக்காரர், பால்காரர், மருந்துக்கடைப் பெண், ஆனேக்கல்லில் அதைக் கேட்காத காது இல்லை.

போன தசராவுக்குப் பிரகாஷ் வந்தான். மூன்று நாள் பயணம் செய்து நள்ளிரவில் ஓசூரில் இறங்கி, லாட்ஜில் அறை எடுத்துக் குளித்து, முகம் வழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு பகல் பன்னிரண்டுக்கு வாசலில் நின்றான். “காலைல எட்டு மணிக்குக் கிளம்பினேம்பா.” அப்பா தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். அன்றிரவு மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். “எத்தினி நாளைக்குக்கா இந்த டிராமா?” என்றான். “அவர் இருக்கற வரைக்கும்டா,” என்றேன். என்ன வாய் எனக்கு!

ஆனால் இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஒருவரைச் சந்தோஷமாக வைத்திருக்கப் பொய் சொல்லாதவர் யார்? என்னைத் தின்கிறது செவ்வாய்க்கிழமை. கல் பாலீஷ் பட்டறையில் முப்பது வருஷம் தூசி குடித்த நுரையீரல் அப்பாவுக்கு. மூன்று மாதமாகவே மூக்கில் ஆக்சிஜன் குழாய். செவ்வாய்க்கிழமை காலையில் மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போய் ஒட்டியது. நான் பயந்துபோய், “பிரகாஷைக் கூப்பிடறேம்பா,” என்றேன். அவர் கையை ஆட்டினார். நாலு வார்த்தை சொல்ல நாலு மூச்சு வாங்கியது. “இப்ப வேணாம்... வேல கெடும். ரொம்ப முடியலன்னா... சொல்லு. மூணு மணி நேரம்தானே.”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். இல்லப்பா, மூணு மணி நேரம் இல்ல, மூணு நாள் ஆகும், நான் சொன்னது பொய் என்று. குறைந்தபட்சம் அவரிடம் சொல்லாமல் வெளியே போய் அவனையாவது கூப்பிட்டிருக்க வேண்டும். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நம்பிக்கொண்டிருந்தார். சரிப்பா என்றேன். புதன் சரிப்பா, வியாழன் சரிப்பா. வெள்ளி விடியற்காலை நாலரைக்கு அவர் யாரையும் கூப்பிடச் சொல்லவில்லை.

பிரகாஷின் ஃபோன் கிடைக்காமல் முகாம் அலுவலகத்துக்கு அடித்து அடித்து ஆறரைக்கு அவனைப் பிடித்தேன். “கிளம்பறேங்க்கா,” என்றான், வேறெதுவும் கேட்கவில்லை. அதற்குள் இணைப்பு போய்விட்டது.

பத்து மணியிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பொம்மசந்திராவில் ஷிஃப்ட்டை விட்டுவிட்டு வந்தவர்கள், அல்சூரிலிருந்து பெரியம்மா வழி உறவு, ஓசூர்க்காரர்கள். மாலையைப் போட்டுவிட்டு ஒவ்வொருவரும் என்னிடம் குனிந்து கேட்ட ஒரே கேள்வி, “தம்பி ஃப்ளைட் ஏறிட்டானா?” ஏறியிருப்பான் என்றேன். பன்னிரண்டுக்கும் ஏறியிருப்பான், ஒன்றரைக்கும் ஏறியிருப்பான். ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டு வந்தால் அது தன் சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டிவந்து வீட்டில் உட்கார வைத்துவிடுகிறது. பசி இல்லை, அழுகையும் வரவில்லை. யாராவது என் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் நான் போய்ப் படுத்துக்கொள்வேன் என்று மட்டும் தோன்றியது.

மூன்று மணிக்குமேல் பேச்சு மாறியது. பெண்கள் பக்கம் முதலில் கிசுகிசுப்பாக. பிறகு ஆண்கள் பக்கம் சத்தமாகவே. “மூணு மணி நேரத் தூரத்துல இருந்துக்கினு இன்னும் வரலன்னா என்ன அர்த்தம்?” “பெத்த அப்பன் பொணமாக் கெடக்கறான், இவனுக்கு என்ன வேலயாம்?” “அங்கயே எவளையாச்சும் சேத்துக்கிட்டானோ என்னமோ.” யாரோ சிரித்தார்கள். மலையில் சேற்றில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவனை, இரண்டு நாள் பயணத்தில் இன்னும் முதல் கால் பங்கைக் கூடத் தாண்டாதவனை, தாமதமாக வருகிறவன் என்று இத்தனை பேர் திட்டுகிறார்கள். திட்டு வாங்க வேண்டியவள் தலைமாட்டில் உட்கார்ந்து எனக்கு விசிறிக்கொண்டிருக்கிறேன்.

நாலு மணிக்குத் தமட்டை அடிக்கிறவர்கள் வந்து தெருமுனையில் தீ மூட்டித் தோலைக் காய்ச்சத் தொடங்கினார்கள். அப்போதுதான் ஃபோன் அடித்தது. பிரகாஷ். பின்னால் மழைச் சத்தம்.

“அக்கா, எப்ப எடுக்கறீங்க?”

“நீ எங்கடா இருக்க?”

“ஹுன்லி தாண்டி, இன்னும் மலையிலதான். மண்ணு சரிஞ்சி கெடக்குது, மிஷின் வந்து தள்ளினு இருக்கான். இங்க ஒரு பாறை மேல ஏறினாதான் டவர். எப்பக்கா எடுக்கறீங்க?”

“அஞ்சு மணிக்கு.”

மழைதான் கேட்டது. நான் எழுந்து நின்றேன். கால் மரத்துப்போயிருந்தது, பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

“சித்தப்பா, ஒரு நிமிஷம்.” “அவன் இன்னிக்கு வரமாட்டான். வரவே முடியாது. அது மூணு மணி நேரம் இல்ல. ரெண்டு மூணு நாள் ஆகும். அந்த ஊர்ல பிளேனே கெடையாது. நான்தான் அப்பாகிட்ட பொய் சொன்னேன். அவன் இப்ப மலையில மாட்டினு இருக்கான்.”

சித்தப்பாவுக்கு முதலில் புரியவில்லை. கிருஷ்ணப்பா ஃபோனை எடுத்து மறுபடி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். “இதுல போட்டிருக்கானேம்மா?”

“அதுவும் நான் போட்டதுதாங்க.”

“அப்ப காலையிலருந்து நாங்க யாருக்காகடி காத்துனு இருக்கோம்?” சித்தப்பா கத்தினார். “ஊர்சனம் முழுக்க அவன வாயில போட்டு மென்னுனு இருக்குது. நீ கேட்டுனு குந்தினு இருக்கியே, மனுஷிதானா நீ?”

நியாயமான கேள்வி. “ஞாயித்துக்கெழம காலைல வந்துருவான் சித்தப்பா. பொட்டிதான் இருக்குதே. அதுவரைக்கும் வெச்சிருக்கலாம்,” என்றேன்.

“வாயக் கழுவு. நாளைக்கு சனி. சனிப்பொணம் தனியாப் போகாது. வீட்டுல வெச்சுனு சனிக்கெழமையத் தாண்டறதா? ஞாயித்துக்கெழமையும் மழ, மண்ணுன்னு அவன் வரலன்னா? அப்புறம் திங்களா?” அவர் குரல் பாதியில் உடைந்தது. அவருக்கும் அண்ணன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். “அண்ணி, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா வெக்கிறேன்.”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். யசோதா என்கிற என் அம்மா காலையிலிருந்து ஒருமுறைகூட ஒப்பாரி வைக்கவில்லை. பெட்டியின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்தே இருந்தாள். சித்தப்பாவுக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினாள்.

“செவ்வாக்கெழம சொல்லியிருந்தா வந்திருப்பான் இல்ல?”

“ஆமாம்மா.”

“நேத்து பூரா வாசலப் பாத்துக்கினே இருந்தாரு. மழைக்குத்தான் பாக்கறாருன்னு நெனச்சேன்.” அவ்வளவுதான் கேட்டாள். அடித்திருந்தால் தேவலை. பிறகு சித்தப்பாவிடம் சொன்னாள், “மூணு மாசமா மூச்சுக்கு அலைஞ்ச மனுஷன். இன்னும் ரெண்டு நாள் இந்தப் பொட்டியில போட்டு வெக்கணுமா? வேணாம். எடுத்துருங்க. எம்புள்ள கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்.”

தெருமுனையில் தமட்டையை ஒருவர் விரலால் தட்டிப் பார்த்தார். அப்போதுதான் என் கையில் ஃபோன் இன்னும் இருப்பது உறைத்தது. அணைக்கவில்லை. காதில் வைத்தேன். மழை.

“பிரகாஷ்?”

“கேட்டேங்க்கா. எல்லாம் கேட்டேன்.” மூக்கை உறிஞ்சினான். “அம்மா சொல்றதுதான் சரி. எடுத்துருங்க. சித்தப்பாவ மண்ணு போடச் சொல்லு.”

“தம்பி, நான்...”

“விடுங்க்கா. நானும்தான் இஸ்திரி போட்ட சட்டைய மாட்டினு வந்தேன்.” பின்னால் யாரோ இந்தியில் கூப்பிட்டார்கள். வண்டி ஹார்ன் அடித்தது. அவன் அவர்களிடம் எதையோ கத்திவிட்டு மறுபடி ஃபோனுக்கு வந்தான். “அக்கா, அப்பாகிட்ட குடு.”

“என்னடா?”

“ஃபோன அப்பாகிட்ட குடு. ஸ்பீக்கர் போடாத. நீயும் கேக்காத.”

நான் கண்ணாடி மூடியைத் தூக்கினேன். சித்தப்பா எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். குளிர் முகத்தில் அடித்தது. அப்பாவின் வலது காதுக்குப் பக்கத்தில் இரண்டு மாலைகளைத் தள்ளி, திரை மேலே தெரியும்படி ஃபோனைச் சாய்த்து வைத்தேன். ரொம்ப மெல்லிசாக ஒரு குரல், எறும்பு அளவுக்கு, “அப்பா” என்று தொடங்கியது. அதற்குமேல் கேட்கக் கூடாது. மூடியைப் போட்டேன். பெட்டியின் மோட்டார் சத்தத்தில் எதுவும் வெளியே வரவில்லை.

திரை கொஞ்ச நேரம் எரிந்தது. பெயர் தெரிந்தது, நிமிடம் ஓடுவது தெரிந்தது. பிறகு மங்கி அணைந்துவிட்டது. கிருஷ்ணப்பா என் காதருகே, “கட் ஆகிப்போச்சாம்மா?” என்றார். இல்லை என்றேன். பேச்சு அறுந்தால் திரையில் தானாக வெளிச்சம் வரும். வரும்வரை பேசிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். நான் சொன்னது பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டு, அவர்கள் அடுத்தவர்களுக்குச் சொல்லி, ஷாமியானாவின் கடைசி நாற்காலிவரை போயிற்று. காலையில் சொன்ன ‘ஏறியிருப்பான்’ போல இல்லை இது, உண்மை. ஒவ்வொருவராக எழுந்து வந்து பெட்டியைச் சுற்றி நின்றார்கள். அவனைத் திட்டியவர்களும் வந்தார்கள்.

அஞ்சு மணிக்குத் தமட்டை கிளம்பி வாசலுக்கு வந்தது. முதல் அடி விழுந்ததுமே சித்தப்பா வெறுங்காலோடு ஓடிப்போய் இரண்டு கையையும் தூக்கினார். “நிறுத்துப்பா. நிறுத்து. பையன் பேசிக்கினு இருக்கான்.” அடிக்கிறவர் குச்சியை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

அஞ்சே கால். கண்ணாடியின் மேல் நீர் பூத்து உள்ளே எதுவும் தெரியாமல் போனது. அம்மா சேலைத் தலைப்பால் துடைத்தாள், அப்பாவின் காதும், கறுப்பாகக் கிடந்த ஃபோனும் தெரிகிற அளவுக்கு ஒரு வட்டம். பூத்தது. மறுபடி துடைத்தாள்.